'கோட்டாவில் வந்தவர்' என்று யாரைச் சொல்கிறார்கள்?

"நீ எந்த கோட்டா?"

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே நம் மாணவர்களிடம் கேட்கப்படும் கேள்வி இது. எந்த ஊர், என்ன படிக்கப் பிடிக்கும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். பதில் சொல்லித் தலைகுனிந்தவர்கள், பதில் சொல்லி நிமிர்ந்து நின்றவர்கள், பேச்சை மாற்றித் தப்பித்தவர்கள் எல்லாரும் நம்மில் உண்டு.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடி நாம் கொஞ்சம் தூரம் போகலாம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் நகைச்சுவைத் தொடர், அதாவது சிட்காம் எழுதும் அறைக்குப் போகலாம். சிரிப்புக்கும் சமூகநீதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். யாரைப் பார்த்து யார் சிரிக்கலாம் என்று முடிவு செய்யும் இடம் அந்த அறைதான். அங்கேயும் இதே கேள்வி உண்டு. அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தவர்களில் ஒருவர் ஒரு தமிழரின் மகள்.

அவர் மிண்டி கேலிங். முழுப்பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம். 1979இல் அமெரிக்காவில் பிறந்தவர். அப்பா தமிழர், கட்டடக் கலைஞர். அம்மா வங்காளி, மகப்பேறு மருத்துவர். டார்ட்மத் கல்லூரியில் படிக்கும்போதே மேடையில் அந்தந்த நொடியில் இட்டுக்கட்டி நடிக்கும் நகைச்சுவைக் குழுவில் இருந்தார். பிறகு நியூயார்க் போய் ஸ்டாண்ட்-அப் மேடைகளில் ஏறினார். அறிவிப்பாளர்களின் வாயில் 'சொக்கலிங்கம்' நுழையவில்லை. பெயரை வெட்டிக் 'கேலிங்' ஆக்கிக்கொண்டார். மேடைக்கு அவர் கொடுத்த முதல் கட்டணம் சொந்தப் பெயர்.

2002இல் தன் தோழி பிரெண்டா விதர்ஸுடன் சேர்ந்து 'மேட் அண்ட் பென்' என்ற நாடகத்தை எழுதி நடித்தார். மேட் டேமன், பென் அஃப்லெக் என்ற இரண்டு வெள்ளை ஆண் நட்சத்திரங்களாக இரண்டு பெண்கள் வேடம் கட்டிய கேலி நாடகம். பென் அஃப்லெக்காக நின்றவர் மிண்டி. நியூயார்க் ஃப்ரிஞ்ச் நாடக விழாவில் அது பெரிய வெற்றி பெற்றது. அடுத்து, பிரிட்டனின் 'தி ஆபீஸ்' தொடரை அமெரிக்காவுக்காக மாற்றிக்கொண்டிருந்த கிரெக் டேனியல்ஸ், மிண்டி எழுதிய மாதிரித் திரைக்கதையைப் படித்துவிட்டு எழுத்தாளராகவும் நடிகராகவும் சேர்த்துக்கொண்டார். அப்போது மிண்டிக்கு வயது 24. எட்டுப் பேர் கொண்ட எழுத்தாளர் குழுவில் அவர் ஒருவர்தான் பெண்.

இதுவரை கேட்டால் திறமைக்குக் கிடைத்த வெற்றிக் கதை. ஆனால் அந்த நாற்காலிக்கு ஒரு பின்கதை இருக்கிறது. வெள்ளையரல்லாத எழுத்தாளர்களைத் தொடர்களுக்குள் கொண்டுவர என்பிசி வலைவரிசை ஒரு திட்டம் வைத்திருந்தது. அதன் வழியாக வந்தவர் மிண்டி. அந்த ஊர் வழக்கில் 'டைவர்சிட்டி ஹயர்'. நம் ஊர்ப் பேச்சில் 'கோட்டா'. இதற்காகப் பல ஆண்டுகள் வெட்கப்பட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மற்றவர்களுக்கு யாரைத் தெரியும் என்பதால் கிடைத்த வாய்ப்புத்தான் தனக்கு இந்த வழியில் கிடைத்தது என்று புரிந்துகொள்ளக் காலம் ஆனது என்றும் சொன்னார்.

இருபதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் எழுதியவர், அடிமட்ட எழுத்தாளராக நுழைந்து நிர்வாகத் தயாரிப்பாளர் வரை உயர்ந்தவர். நகைச்சுவைத் தொடர் எழுத்துக்கான எம்மி விருதுப் பரிந்துரையை 2010இல் பெற்றவர், அந்தப் பிரிவில் பரிந்துரை பெற்ற வெள்ளையரல்லாத முதல் பெண். அவரே வெட்கப்பட்டார் என்றால் அந்த வெட்கத்தை அவருக்குள் வைத்தது யார்? இதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

அந்த அறையில் வேறு யார் யார் இருந்தார்கள்?

கிரெக் டேனியல்ஸ் ஹார்வர்டில் படித்தவர். அங்கே 1876 முதல் வெளிவரும் 'லாம்பூன்' என்ற மாணவர் நகைச்சுவை இதழில் எழுதியவர். அதே குழுவில் எழுதிய பி.ஜே. நோவாக் ஹார்வர்ட், லாம்பூன். மைக்கேல் ஷூர் ஹார்வர்ட், லாம்பூன். இது ஒரு தொடரோடு முடியவில்லை. 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் ஆரம்பகால எழுத்தாளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அல் ஜீன், மைக் ரீஸ், ஜார்ஜ் மேயர், ஜான் விட்டி, கோனன் ஓப்ரையன் எல்லாரும் லாம்பூன்காரர்கள்தான். ஒரு பல்கலைக்கழகத்தின் ஒரு மாணவர் இதழிலிருந்து ஒரு நாட்டின் தொலைக்காட்சிச் சிரிப்புக்குப் போட்ட குழாய் இது. சீனியர் ஜூனியரை இழுப்பார், அந்த ஜூனியர் அடுத்தவரை இழுப்பார்.

அவர்கள் திறமையற்றவர்கள் என்று நாம் சொல்லவில்லை. அவர்களில் யாரையும் யாரும் 'லாம்பூன் கோட்டா' என்று அழைத்ததில்லை என்றுதான் சொல்கிறோம். அவர்களுடைய வழிக்குப் பெயர் 'தொடர்பு'. மிண்டியின் வழிக்குப் பெயர் 'சலுகை'. முதலாவது வழியில் வந்தவர் தன்னை நிரூபிக்க வேண்டியதில்லை. இரண்டாவது வழியில் வந்தவர் ஓய்வு பெறும் வரை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்படி ஒரு சம்பவத்தை மிண்டியே 2019இல் சொன்னார். 'தி ஆபீஸ்' எம்மிக்குப் பரிந்துரைக்கப்பட்டபோது தயாரிப்பாளர்கள் எண்ணிக்கை அதிகம் என்று தன் பெயரை நீக்கப் பார்த்தார்களாம். தன் பங்களிப்பைப் பற்றிக் கட்டுரை எழுதித் தர வேண்டியிருந்ததாம். சக ஆண்களிடம் கடிதம் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்ததாம். யாரையும் தனியாகக் குறிவைக்கவில்லை, அந்த விதி எல்லாருக்கும் பொது என்று தொலைக்காட்சி அகாடமி மறுத்தது. தன்னைப் போல எழுதி, நடித்து, தயாரித்த ஆண்களிடம் இது கேட்கப்படவில்லை என்று மிண்டி திருப்பிச் சொன்னார். 'விதி எல்லாருக்கும் பொது' என்ற வாக்கியத்தை நம்மில் கேட்காதவர் யார்?

எனவே தோழர்களே, "எந்த கோட்டா?" என்று இனி யாராவது கேட்டால் அதே கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள். உன் மாமா கோட்டாவா? உன் அப்பாவின் நண்பர் கோட்டாவா? பள்ளிக் கட்டணம் கோட்டாவா? கோட்டா இல்லாமல் யாரும் எங்கேயும் நுழைவதில்லை. எழுதி வைத்த கோட்டா, எழுதாத கோட்டா என்று இரண்டு வகைதான் உண்டு.

எழுதி வைத்த கோட்டாவும் தானாக வந்துவிடவில்லை. 1999இல் நான்கு பெரிய அமெரிக்க வலைவரிசைகள் அந்த ஆண்டுக்கு 26 புதிய தொடர்களை அறிவித்தன. ஒன்றில்கூட வெள்ளையரல்லாத ஒருவர் முதன்மைப் பாத்திரத்தில் இல்லை. கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909 முதல் இயங்கிவரும் என்ஏஏசிபி அமைப்பு கொதித்தெழுந்தது. அதன் தலைவர் க்வெய்சி எம்ஃபூமே புறக்கணிப்புப் போராட்டம் நடத்துவோம் என்று எச்சரித்தார். அதற்குப் பிறகுதான், 2000 தொடக்கத்தில், வலைவரிசைகள் ஒப்பந்தத்துக்கு வந்தன. எழுத்தாளர் அறைகளில் சில நாற்காலிகள் அப்படித்தான் திறந்தன. தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு பெண் சில ஆண்டுகள் கழித்து நுழைந்த கதவைக் கறுப்பின மக்கள் தட்டித் திறந்திருந்தார்கள்.

அதற்கு முன்பும் அப்படித்தான். ஆசியர்கள் பெருமளவில் அமெரிக்காவில் குடியேற வழிவிட்ட 1965ஆம் ஆண்டுச் சட்டம், கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலத்தில் வந்தது. அங்கே போய்ச் செழித்த இந்தியர்கள் பலர் இந்தக் கடனை நினைப்பதே இல்லை. இங்கே இடஒதுக்கீடு 'தகுதி'யைக் கெடுத்துவிட்டது, அதனால்தான் அமெரிக்கா வந்தோம் என்று பேசுகிறவர்கள், அங்கே தங்கள் பிள்ளைகளுக்குச் சிறுபான்மையினர் திட்டங்களில் விண்ணப்பம் போடும்போது வாய் திறப்பதில்லை.

இந்த இரட்டை வேடத்தின் உச்சத்தைப் பார்க்க மிண்டியின் வீட்டைத் தாண்ட வேண்டியதில்லை. அவருடைய அண்ணன் விஜய் சொக்கலிங்கம் 1990களின் இறுதியில் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தபோது தன்னைக் கறுப்பினத்தவர் என்று பொய்யாகக் காட்டிக்கொண்டார். தலையை மழித்துக்கொண்டார், தன் இன்னொரு பெயரைப் பயன்படுத்தினார். செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. படிப்பை முடிக்கவில்லை. 2015இல் இதை அவரே வெளியே சொல்லி, பிறகு புத்தகமும் எழுதினார். எதை நிரூபிக்க? இன அடிப்படையில் வாய்ப்புத் தருவது அநியாயம் என்று நிரூபிக்க. அவருடைய மதிப்பெண்கள் எங்கள் தகுதி வரம்புக்குள்தான் இருந்தன, இனம் ஒரு காரணமாகவில்லை என்று பல்கலைக்கழகம் சொன்னது. அண்ணனோடு பல ஆண்டுகளாகத் தொடர்பில்லை, இது எதுவும் தெரியாது என்று மிண்டியின் தரப்பு சொன்னது.

அதே விஜய் இன்னொன்றும் சொன்னார். கறுப்பராகத் தோற்றமளித்த நாட்களில் போலீஸ் தொல்லை செய்தது, கடைகளில் திருடனைப் போலப் பார்த்தார்கள். ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய பாடம் தேவையா? அந்தத் தோலோடு பிறந்தவன் ஒவ்வொரு நாளும் எதைச் சுமக்கிறான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர் எதிர்த்தது போலீஸை அல்ல, கடைக்காரரை அல்ல, ஒதுக்கீட்டை. பொய்ச் சாதிச் சான்றிதழ் வாங்கி நம் இடங்களில் நுழைகிறவர்களை நமக்குத் தெரியும். அவர்களும் நம்முடைய இடத்தைத்தான் கேட்கிறார்கள். நம்முடைய வாழ்க்கையைக் கேட்பதில்லை.

இதுவரை ஒதுக்கீட்டுக்காகப் பேசினோம். அதன் போதாமையையும் பேசியாக வேண்டும். ஒரு நாற்காலி கிடைத்தால் அறை மாறிவிடாது.

அந்தத் திட்டங்களின் பொறி இது. ஒதுக்கீட்டில் வரும் எழுத்தாளரின் சம்பளத்தைத் தொடரின் பட்ஜெட்டிலிருந்து எடுக்காமல் வலைவரிசையே கொடுக்கும். தொடருக்கு அவர் 'இலவசம்'. வலைவரிசை கொடுக்கும் காலம் முடிந்ததும் அவரை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் தொடர் தன் பையிலிருந்து கொடுக்க வேண்டும். பல இடங்களில் அவரை அனுப்பிவிட்டு அடுத்த 'இலவச' ஆளை எடுத்தார்கள். ஆண்டுகள் ஓடும், வேறு தொடர், மறுபடியும் முதல் படி. மிண்டி மேலே ஏறினார் என்பது உண்மை. அதே ஏணியில் முதல் படியிலேயே நிறுத்தப்பட்டவர்களின் பெயர் நமக்குத் தெரியாது என்பதும் உண்மை.

மேலே ஏறியவருக்கும் பாதுகாப்பு இல்லை. லாரி வில்மோர் என்ற கறுப்பினக் கலைஞரைப் பாருங்கள். ஸ்டாண்ட்-அப் மேடையிலிருந்து தொலைக்காட்சி எழுத்துக்கு வந்தவர். 'தி பெர்னி மேக் ஷோ'வை உருவாக்கி 2002இல் எழுத்துக்கான எம்மி வாங்கினார். விருது வாங்கிய பிறகும், தான் உருவாக்கிய அந்தத் தொடரிலிருந்தே நீக்கப்பட்டார். பிறகு 'தி ஆபீஸ்' குழுவில் ஆலோசகராக இருந்தார். அந்தத் தொடரின் இரண்டாவது அத்தியாயம் 'டைவர்சிட்டி டே' 2005 மார்ச்சில் வந்தது. அலுவலகத்துக்குப் பன்முகத்தன்மை பற்றி வகுப்பெடுக்க வருபவராக வில்மோர் நடித்தார். மேலாளர் மைக்கேல் ஸ்காட் இந்திய உச்சரிப்பைக் கேலி செய்யும்போது, கெல்லி கபூராக நடித்த மிண்டி அவர் கன்னத்தில் அறைகிறார். அந்த அறையைப் பார்த்து நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அந்த அத்தியாயத்தை எழுதியவர் ஹார்வர்டின் நோவாக். பன்முகத்தன்மையைப் பற்றிய கதையில்கூட எழுத்தாளர் பெயர் லாம்பூன் பெயர்தான்.

மிண்டிக்கே பேனா கிடைத்தபோது என்ன வந்தது? 2006இல் அவர் எழுதிய அத்தியாயத்தின் பெயர் 'தீபாவளி'. ஒரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் ஒரு துணைக்கண்டத்தையே காட்ட வேண்டியிருக்கிறது. அப்போது இந்தியா என்றால் பண்டிகை, பட்டுச்சேலை, இனிப்பு. 2020 ஏப்ரலில் அவர் இணைந்து உருவாக்கிய 'நெவர் ஹேவ் ஐ எவர்' வந்தது. கலிபோர்னியாவில் வாழும் தமிழ்க் குடும்பம், நாயகியாக மைத்ரேயி ராமகிருஷ்ணன் என்ற ஈழத்தமிழ்ப் பின்னணி கொண்ட கனடியப் பெண். உலகமே பார்த்தது. கணேச பூசை வந்தது. பெற்றோர் பார்க்கும் திருமணம் வந்தது. பெற்றோர் பார்க்கும் திருமணத்தில் முதலில் எதைப் பார்ப்பார்கள் என்று நமக்குத் தெரியும். அந்தச் சாதி, தொடரின் மையக் கேள்விகளில் ஒன்றாக வரவில்லை. அதே ஆண்டு ஜூன் இறுதியில், அதே கலிபோர்னியாவில், தலித் பொறியாளர் ஒருவர் சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானார் என்று சிஸ்கோ நிறுவனத்தின் மீது மாநில அரசே வழக்குப் போட்டது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்கத் தமிழரின் வீட்டுக்குள் சாதி இருக்கிறது என்று நகரமன்றத்துக்குத் தெரிந்துவிட்டது. சிட்காமுக்கு இன்னும் தெரியவில்லை.

இதை மிண்டி என்ற தனிமனிதரின் குற்றமாக நாம் பார்க்கவில்லை. அவர் குடும்பம் என்ன சாதி என்று தோண்டும் வேலையும் நமக்கு வேண்டாம், அது சாதிவெறியர்களின் பொழுதுபோக்கு. தனக்குத் தெரிந்த வாழ்க்கையைத்தான் எழுத்தாளர் எழுதுவார். பார்ப்பதற்கு ஒரே நிறத்தில் இருக்கும் இந்தியர்களுக்குள் இருக்கும் சாதிப் பிளவை, அந்தப் பிளவின் கீழ்ப்பக்கத்தில் நின்றவர்கள் அறைக்குள் வராமல் யார் எழுதுவது? தீண்டத்தகாதவர்கள் எனப்பட்டோரை அவர்களேதான் பிரதிநிதித்துவம் செய்ய முடியும் என்று 1919இல் சவுத்பரோ குழுவின் முன் அண்ணல் அம்பேத்கர் வாதாடினார். சட்டமன்றத்துக்காகச் சொன்னது எழுத்தாளர் அறைக்கும் பொருந்தும்.

அறைக்குள் போனவர் கதவைத் திறந்து வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அசீஸ் அன்சாரி தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. ஸ்டாண்ட்-அப்பில் தொடங்கியவர். ஆலன் யாங்குடன் சேர்ந்து 'மாஸ்டர் ஆஃப் நன்' தொடரை உருவாக்கினார். புலம்பெயர்ந்த பெற்றோரைப் பற்றிய அத்தியாயத்துக்கு 2016இல் இருவரும் எம்மி வாங்கினார்கள். அதில் நடிக்க வந்தவர் லீனா வெய்த் என்ற கறுப்பினப் பெண். தன்பால் ஈர்ப்பை ஒரு கறுப்பினப் பெண் தன் தாயிடம் சொல்லும் கதையை, தன் சொந்த வாழ்க்கையிலிருந்து எடுத்து, அன்சாரியோடு சேர்ந்து எழுதினார். 2017இல் நகைச்சுவைத் தொடர் எழுத்துக்கான எம்மியை வென்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். 2022இல் 'அபாட் எலிமென்டரி'க்காக அதே விருதைக் குவிண்டா பிரன்சன் வாங்கினார். அரசுப் பள்ளி ஆசிரியர்களைப் பற்றிய தொடர் அது. அவருடைய அம்மாவே பள்ளி ஆசிரியர். பள்ளியைப் பார்த்துச் சிரிக்காமல் பள்ளியோடு சேர்ந்து சிரிக்கும் தொடரை அப்படி ஒருவரால்தான் எழுத முடியும்.

இப்போது அந்தக் கதவுகள் மூடப்படுகின்றன. 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதைத் தடை செய்தது. எந்தப் பல்கலைக்கழகத்தின் வழக்கு தெரியுமா? ஹார்வர்ட். கறுப்பின மாணவர் நுழைய உதவிய வழி செல்லாது என்றார்கள். முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்கு அதே ஹார்வர்ட் காட்டும் முன்னுரிமையை அந்தத் தீர்ப்பு தடை செய்யவில்லை. லாம்பூன் குழாயை நிறுத்தச் சொல்லி யாரும் வழக்கே போடவில்லை. 2025இல் ஆட்சி மாறியதும் பாரமவுண்ட் போன்ற ஊடக நிறுவனங்கள் தங்கள் பன்முகத்தன்மை இலக்குகளைக் கைவிட்டன. எழுதி வைத்த கோட்டாவை அழித்துவிட்டார்கள். எழுதாத கோட்டா எப்போதும் போல நடக்கிறது.

நம் நாட்டில் அழிக்கக்கூட எதுவும் இல்லை. அரசு வேலைக்கும் கல்விக்கும்தான் இடஒதுக்கீடு, தனியார் வேலைக்கு இல்லை. தொலைக்காட்சி, ஓடிடி, பட நிறுவனம் பெரும்பாலும் தனியார். செய்தி அறைகளை ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்ட்ரியும் 2019இல் கணக்கெடுத்தன. 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. நகைச்சுவை அறைகளை அப்படி எண்ணிச் சொல்லும்படி நாம் கேட்டதே இல்லை. அதே 2019இல் முன்னேறிய சாதி ஏழைகளுக்கு 10 சதவீதம் என்று சட்டம் வந்தபோது 'தகுதி' பேசிய வாய்கள் எப்படி மூடிக்கொண்டன என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

ஆகவே நம் கோரிக்கை, திரையில் நம் முகம் வேண்டும் என்பதோடு நிற்கக் கூடாது. கறுத்த தோலையும் பருத்த உடலையும் நம் பேச்சுவழக்கையும் கேலிப்பொருளாக்கும் வசனத்தை நம் ஆளையே பேச வைத்துவிட்டு, பிரதிநிதித்துவம் கொடுத்துவிட்டோம் என்று கணக்குக் காட்டுகிறார்கள். அந்த வசனத்தை எழுதியது யார் என்று கேளுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் ஓடும் பெயர்ப் பட்டியலை நிறுத்திப் படியுங்கள். தனியார் துறையில் இடஒதுக்கீடு என்ற கோரிக்கையை எழுப்பும் ஒவ்வொரு மேடையிலும் ஊடகத்தையும் எழுத்தாளர் அறையையும் பெயர் சொல்லிச் சேருங்கள். கேட்கும்போது ஒரு நாற்காலி கேட்காதீர்கள். ஒருவர் என்றால் காட்சிப்பொருள் ஆவார். மூன்று பேர் என்றால் எதிர்த்துப் பேசுவார்கள்.

கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் வேண்டாம். மஞ்சீத் சர்க்கார் போன்ற தலித் ஸ்டாண்ட்-அப் கலைஞர்கள் சாதியை வைத்தே மேடையில் சிரிக்க வைக்கிறார்கள், சாதி பார்ப்பவனை நெளிய வைக்கிறார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது கானாவுக்கு அங்கீகாரம் கொடுங்கள் என்று யாரிடமும் கெஞ்சவில்லை. நகைச்சுவை எழுத்தையும் அப்படிக் கையில் எடுக்கலாம். விடுதி அறையில் ஐந்து பேர் உட்காருங்கள். வாரம் ஒருவர் எழுதிக் கொண்டு வாருங்கள், மற்ற நால்வரும் இரக்கமில்லாமல் வெட்டுங்கள். நம்மைப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகச் சிரித்தவர்களை நாம் அருகிலிருந்து பார்த்திருக்கிறோம். அவர்கள் வீட்டுப் பின்வாசலும் நமக்குத் தெரியும், தனி டம்ளரும் தெரியும், தீட்டு என்று விலகியவர் இருட்டில் கடன் கேட்டு வந்ததும் தெரியும். இவ்வளவு சரக்கு எந்த லாம்பூனிலும் கிடைக்காது.

எழுதுங்கள். நாற்காலி கேட்கப் போகும்போது கையில் எழுதிய தாள் இருக்கட்டும். கோட்டாவில் வந்தேன் என்று நிமிர்ந்து சொல்லுங்கள். நீ எதில் வந்தாய் என்று கேளுங்கள்.

ஜெய் பீம்!